வார்டில் ஆசிரியர் விருந்தாளியா? – செவிலியர் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, "வார்டில் பொறுப்பு இல்லாத செவிலிய ஆசிரியர் அங்கே விருந்தாளிதான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் விரிவுரையாளர்கள். ஆமோதித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டாஃப் நர்ஸ்கள். ஆகவே இந்த இதழில் இப்பகுதி முழுவதையும், மருத்துவமனைப் பணியையும் கல்லூரிப் பணியையும் ஒருவரே ஏற்கும் இரட்டைப் பொறுப்பு முறைக்கே ஒதுக்கிவிட்டேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி எவர் பெயரையும் வெளியிடவில்லை.

செவிலிய விரிவுரையாளர், சேலம்

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் முடித்து, ஆறு ஆண்டுகளாகத் தனியார் கல்லூரி ஒன்றில் அறுவைச் சிகிச்சைச் செவிலியம் கற்பித்து வருகிறேன். இப்போது வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே விரிவுரையாளராக இருப்பவரே ஒரு வார்டின் பொறுப்பையும் பார்க்க வேண்டுமாம். "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஆகிவிடும், போகாதே" என்கிறார்கள் உடன் பணிபுரிபவர்கள். நான் போகலாமா? இப்படி ஒரு முறை எங்கிருந்து வந்தது?

பதில்: போகலாம். ஆனால் வாய்ச்சொல்லை நம்பிப் போகாமல், பணி ஆணையில் சில வரிகளை எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். அவை எந்த வரிகள் என்பதற்கு முன், உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். முதல் கேள்விக்கான காரணம் அதற்குள்தான் இருக்கிறது.

இந்த முறையைப் புதுமை என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், தனிக்குடித்தனம் போன குடும்பம் மறுபடியும் ஒரே அடுப்பில் சமைக்கத் தொடங்குவது போன்றதுதான் இது. 1860-ஆம் ஆண்டு லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் நிதியைக் கொண்டு பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, அந்த மருத்துவமனையின் மேட்ரனாக, அதாவது செவிலியர் தலைவியாக இருந்த சாரா வார்ட்ரோப்பர் அம்மையாரே பள்ளிக்கும் தலைவியாக இருந்தார். டாக்டர்களின் விரிவுரைகள் தனியே நடந்தன என்றாலும், செவிலியத்தைக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர்கள் வார்டை நடத்திய சிஸ்டர்கள்தான். கற்பிப்பவர் ஒருவர், பணி செய்பவர் இன்னொருவர் என்ற பாகுபாடு அங்கே இல்லை.

ஆனால் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஓர் அநியாயமும் ஒளிந்திருந்தது. மாணவி என்ற பெயரில் வந்தவள்தான் மருத்துவமனையின் மலிவான வேலையாள். நம் நாட்டில் இது இன்னும் கடுமையாக இருந்தது. நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த, சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946-இல் தந்த அறிக்கையின் கணக்குப்படி, அன்றைய இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ்தான் இருந்தார். அப்படிப்பட்ட நாட்டில், பயிற்சி மாணவிகள் இல்லாவிட்டால் இரவு வார்டுகளைப் பார்க்க ஆளே இருந்திருக்காது. பாடம் நடக்க வேண்டிய நேரத்தில் வார்டில் ஆள் குறைந்தால் பாடம்தான் நிறுத்தப்படும். வார்டை நிறுத்த முடியாது அல்லவா? இதைப் பார்த்துப் பார்த்து நொந்தவர்கள்தான், செவிலியம் ஒரு படிப்பாக வேண்டும், அதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் வேண்டும், மாணவியை மருத்துவமனையின் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று போராடினார்கள். நியாயமான போராட்டம்தான், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் மாணவியை மீட்டு வெளியே கொண்டுவந்தபோது, ஆசிரியரும் அவளோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டார். அவர் மறுபடி வார்டுக்குள் போனபோது, அந்த இடம் அவருடையதாக இல்லை.

அமெரிக்காவில் இந்தப் பிரிவு முன்னதாகவே நடந்ததால், அதன் விளைவையும் அவர்கள் முன்னதாகவே பார்த்தார்கள். கிளீவ்லாந்தில் உள்ள கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் செவிலியப் பள்ளியில் டீனாக இருந்த ரோசெல்லா ஸ்லாட்ஃபெல்ட், 1960-களில், ஒரே நபரைப் பல்கலைக்கழகமும் மருத்துவமனையும் கூட்டாக நியமிக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார். 1972-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகச் செவிலியப் பள்ளியின் முதல் டீனாகப் பொறுப்பேற்ற லொரெட்டா ஃபோர்டு அதைவிட ஒரு படி மேலே போய், நோயாளிப் பராமரிப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி மூன்றையும் ஒரே தலைமையின் கீழ்க் கொண்டுவந்தார். 1965-இல் கொலராடோவில் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவருடன் சேர்ந்து, கூடுதல் பயிற்சி பெற்று நோயாளியைத் தானே பரிசோதித்துச் சிகிச்சை தரும் நர்ஸான நர்ஸ் பிராக்டிஷனருக்கான பயிற்சியைத் தொடங்கி வைத்தவரும் அவரேதான். அதே 1972-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்துக்கு வந்த லூதர் கிறிஸ்ட்மன், கற்பிப்பவர் நோயாளியையும் பார்ப்பவராக இருந்தே தீர வேண்டும் என்பதையே அங்கே விதியாக வைத்தார். ஆண் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டாம் உலகப் போரின்போது ராணுவச் செவிலியர் படையில் இடம் மறுக்கப்பட்டவர் அவர். ஆண் நர்ஸ் என்றாலே இன்றும் ஒரு மாதிரியாகப் பார்ப்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

நம் பக்கத்து உதாரணத்துக்கு வேலூரைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஐடா ஸ்கடர் அம்மையார் உருவாக்கிய மருத்துவமனையில் 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1946-இல் அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. நர்சிங் படிப்பாக உயர்ந்தது. அதே ஆண்டில்தான் டெல்லியில், இன்று ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரியிலும் பட்டப்படிப்பு தொடங்கியது. இந்தியாவில் செவிலியத்துக்குப் பட்டம் என்ற ஒன்று வந்தது இந்த இரண்டு இடங்களால்தான். பட்டம் வந்த பிறகும் வேலூரில் ஆசிரியர் வார்டை விட்டு வெளியேறவில்லை என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. மருத்துவச் செவிலியம், அறுவைச் சிகிச்சைச் செவிலியம், குழந்தை நலச் செவிலியம் என்று கல்லூரியில் துறைகள் இருக்கின்றன. அந்தந்தத் துறையின் ஆசிரியர்கள் அது சார்ந்த வார்டுகளின் செவிலியப் பொறுப்பிலும் பங்கேற்கிறார்கள். சமூக நலச் செவிலியத் துறையோ, ஊருக்குள் தனக்கென்று ஒரு நலப்பணித் திட்டத்தையே நடத்துகிறது. அங்கே மாணவி போய் நிற்கும் வீடு, அவளுடைய ஆசிரியர் ஏற்கனவே போய் வந்த வீடு.

இதனால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு, நான் பணிபுரிந்த ஒரு மருத்துவமனையில் நடந்ததைச் சொல்கிறேன். நான் கல்லூரி ஆசிரியராக மட்டும் இருந்த காலம் அது. ஆண்கள் அறுவைச் சிகிச்சை வார்டில், சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும் நோயாளிகளின் யூரோ பை எப்போதும் தரையில்தான் கிடக்கும். "பை, மூத்திரப்பையின் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது" என்று முதல் நாள்தான் வகுப்பில் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "எங்கே மாட்டுவது, மேடம்?" என்று கேட்டாள். அந்தக் கட்டில்களில் கொக்கியே இல்லை. கட்டுத்துணி நாடாவால் கட்டிலின் சட்டத்தோடு கட்டிவிடச் சொன்னேன். மறுநாள் விரிப்பு மாற்ற வந்தவர் அதை அவிழ்த்துவிட்டார். பை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொன்னேன். "இண்டென்ட் (பொருள் கேட்புச் சீட்டு) போட்டு எட்டு மாதம் ஆகிறது, மேடம்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன உரிமை? மாணவியிடம் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, கற்பித்தலோடு சேர்த்து அதே வார்டின் பொறுப்பும் எனக்கு வந்தது. முதல் வாரத்திலேயே மருத்துவமனையின் பட்டறைக்கு நானே நடந்து போய், கம்பியை வளைத்து 32 கொக்கிகள் செய்யச் சொல்லி, கட்டிலுக்கு ஒன்றாக மாட்டிவிட்டேன். செலவு என்று சொல்வதற்கு எதுவுமில்லை. நான் செய்த சாதனை என்று இதை எழுதவில்லை. விருந்தாளியாக இருந்தபோதும் எனக்கு அதே அறிவுதான் இருந்தது. கொக்கி செய்யச் சொல்லும் கையெழுத்துதான் இல்லை. அன்று அந்த மாணவி கற்றுக்கொண்டது தொற்றுத் தடுப்பை அல்ல. வகுப்பில் சொல்வது வேறு, வார்டில் நடப்பது வேறு என்பதைத்தான். அதை நானே கற்றுக்கொடுத்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

இனி உங்கள் பணி ஆணைக்கு வருவோம். "வார்டு மேற்பார்வை" என்று மட்டும் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அது அதிகாரமில்லாத பழியை மட்டும் உங்கள் தலையில் கட்டும். ஸ்டாஃப் நர்ஸ்களின் டூட்டி பட்டியலை யார் போடுவது, இண்டென்டில் யார் கையெழுத்திடுவது, ஒரு தவறு நடந்தால் விசாரணையில் வார்டின் சார்பில் யார் உட்காருவது என்ற மூன்றுக்கும் உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள். வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்பது எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நீங்கள் வகுப்பில் இருக்கும்போது வார்டுக்கு யார் பொறுப்பு என்பதும் பெயரோடு இருக்க வேண்டும். இவை இல்லையென்றால் உங்கள் நண்பர்கள் சொன்னது சரி. அது ஆறும் சேறும்தான்.

ஸ்டாஃப் நர்ஸ், அரசு மருத்துவமனை, மதுரை

கேள்வி: எங்கள் வார்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று கல்லூரிகளிலிருந்து மாணவிகள் வருகிறார்கள். கூட வரும் ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிடுகிறார். ஊசி போடுவது, கேஸ் ஷீட் எழுதுவது என்று எல்லாவற்றையும் நாங்கள்தான் சொல்லித் தருகிறோம். இதற்குச் சம்பளமும் இல்லை, ஒரு சான்றிதழும் இல்லை. ஏதாவது தவறு நடந்தால் மட்டும் எங்களைக் கூப்பிடுகிறார்கள். இரட்டைப் பொறுப்பு என்று நீங்கள் எழுதுவதை நாங்கள் தினமும் செய்துகொண்டுதானே இருக்கிறோம்?

பதில்: செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். பெயர் மட்டும்தான் தரப்படவில்லை. இரட்டைப் பொறுப்பு என்றாலே ஆசிரியர் வார்டுக்கு இறங்கி வருவது என்று நினைக்கிறோம். ஸ்டாஃப் நர்ஸ் ஆசிரியராக உயர்வதும் அதே முறையின் மறுபக்கம்தான். ப்ரிசெப்டர் என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு மாணவியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தன் ஷிஃப்டிலேயே கூட வைத்துக்கொண்டு, தான் பார்க்கும் நோயாளிகளை அவளையும் பார்க்கவைத்துக் கற்றுத்தரும் அனுபவமுள்ள நர்ஸ்தான் ப்ரிசெப்டர். அந்தப் பொறுப்பைத் தருவதென்றால், அந்த நாட்களில் அவருடைய நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். எண்ணிக்கையைக் குறைக்காமல் பட்டத்தை மட்டும் தருவது, சுமைகூலிக்காரரின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றிவிட்டு மாலை போடுவதற்குச் சமம்.

பிரிட்டனில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க, அங்குள்ள செவிலியர் குழுமம் 2018-இல் வகுத்த தரவிதிகளில் மூன்று பேரைத் தனித்தனியே குறிப்பிட்டார்கள். வார்டில் அன்றாடம் கற்றுத்தருபவர் ஒருவர். அந்த மாணவியின் செய்முறைத் திறனை மதிப்பிடுபவர் இன்னொருவர். பல்கலைக்கழகத்தின் சார்பில் மதிப்பிடுபவர் மூன்றாமவர். ஒரே மாணவிக்குக் கற்றுத்தருபவரும் மதிப்பிடுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது அதிலுள்ள நுட்பம். பழகிய முகத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்க யாருக்குத்தான் மனம் வரும்? அங்கே பதிவுபெற்ற செவிலியராவதற்கு வேண்டிய 4,600 மணி நேரத்தில் பாதி, அதாவது 2,300 மணி நேரம், செய்முறையில் கழிவதால், அந்த நேரத்தில் மாணவி யார் பொறுப்பில் இருக்கிறாள் என்பதை அவர்களால் தெளிவில்லாமல் விட்டுவிட முடியவில்லை. நம் ஊரிலும் மாணவியின் காலத்தில் பெரும்பகுதி வார்டில்தான் கழிகிறது, தெளிவுதான் இல்லை.

அந்தத் தெளிவு இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு என் தவறு ஒன்றையே சொல்கிறேன். இரட்டைப் பொறுப்பில் இருந்த இரண்டாம் ஆண்டு. பெண்கள் மருத்துவ வார்டு. காலை ஏழரை மணிக்கு, சர்க்கரை நோயாளியான ஒரு மூதாட்டிக்கு என் மாணவி காலை உணவுக்கு முந்தைய இன்சுலினைப் போட்டாள். அளவைப் பார்த்தேன், போட்ட இடத்தைப் பார்த்தேன், எல்லாம் சரி. எட்டு மணிக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. புறத் தேர்வாளர் வந்துவிட்டார் என்று அழைப்பு வந்ததும் கிளம்பிவிட்டேன். நான் போன பிறகு ஸ்கேன் பட்டியல் வந்திருக்கிறது. மூதாட்டியை வெறும் வயிற்றோடு அழைத்துப் போக வேண்டும் என்று அதில் இருந்ததால், வந்த இட்லியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்சுலின் போட்டாயிற்று என்பது ஸ்டாஃப் நர்ஸுக்குத் தெரியாது. "மாணவியின் நோயாளியை மேடம் பார்த்துக்கொள்வார்" என்று அவர் நினைத்தார். "வார்டில் ஸ்டாஃப் இருக்கிறார்" என்று நான் நினைத்தேன். மாணவி, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டதோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்தாள். ஸ்கேன் அறை வாசலில் மூதாட்டிக்கு வியர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறி, மகள் ஓடிவந்து சொன்னபோதுதான் சர்க்கரையைப் பார்த்தார்கள், 48-க்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் சில நிமிடங்களில் தெளிந்துவிட்டார். அன்று மாலை அவர் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். "நீ டீச்சரா, நர்ஸா கண்ணு?" என்று கேட்டார். அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் பதில் வரவில்லை.

அதற்குப் பிறகு வார்டை விட்டுக் கல்லூரிக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும், ஷிஃப்ட் மாறும்போது செய்வதைப் போலவே, மாணவிகளின் நோயாளிகளைக் கட்டில் கட்டிலாகச் சொல்லி ஹேண்டோவர் கொடுத்துவிட்டுத்தான் போவேன். உங்கள் வார்டிலும் இதைக் கேட்டு வாங்குங்கள். வரும் ஆசிரியரிடம், "எந்த மாணவிக்கு எந்த நோயாளி, எந்த வேலையை நீங்கள் பக்கத்தில் நின்று செய்யவைப்பீர்கள், எதை நாங்கள் செய்யவைக்க வேண்டும் என்று எழுதித் தாருங்கள்" என்று உங்கள் இன்சார்ஜ் சிஸ்டர் மூலமாகவே கேட்கலாம். ஒரு தாள் போதும். மாணவிகளுக்குக் கற்றுத்தந்த நாட்களையும் தேதியிட்டுக் குறித்து வையுங்கள். பதவி உயர்வு நேர்காணலில் வாயால் சொல்வதைவிட அது மேல்.

ஒரு மாணவியின் தந்தை, திருநெல்வேலி

கேள்வி: மகளை பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கக் கல்லூரி தேடுகிறேன். ஆசிரியர்கள் நோயாளிகளைப் பார்ப்பவர்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு, கல்லூரி தொடங்குவோரிடம் பொதுவாக 100 படுக்கைகள் கொண்ட சொந்த மருத்துவமனை இருக்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. இவை காகிதத்தில் எல்லாக் கல்லூரிகளிலும் சரியாகத்தான் இருக்கும். நீங்கள் கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காமல், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மருத்துவமனைக்குப் போய், படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், "உங்க மேடம் கடைசியாக எப்போது உங்கள் எதிரில் ஒரு நோயாளிக்குத் தன் கையால் ஏதாவது செய்தார்கள்?" என்று கேளுங்கள். அவள் யோசிக்கும் நேரத்தை வைத்தே நீங்கள் முடிவு செய்துவிடலாம்.

நர்சிங் சூப்பிரண்டெண்ட், கோயம்புத்தூர்

கேள்வி: எங்கள் மருத்துவமனையும் கல்லூரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. நிர்வாகம் அடுத்த கல்வியாண்டில் இரட்டைப் பொறுப்பு முறையைக் கொண்டுவர விரும்புகிறது. பாதி நேரம் கல்லூரி, பாதி நேரம் வார்டு என்று பிரித்தால் போதுமா? கல்லூரி முதல்வர் ஒப்புக்கொள்ளத் தயங்குகிறார்.

பதில்: முதல்வரின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது; அதை முதலில் கேளுங்கள். மருத்துவமனையில் ஆள் தட்டுப்பாடு வந்ததும் இந்த முறையின் நினைவு வருவது நிர்வாகங்களின் வழக்கம். நர்ஸ்களை நியமிக்காமல் ஆசிரியர்களை வைத்து ஒப்பேற்றும் எண்ணம் துளியாவது இருந்தால், இதைத் தொடங்கவே வேண்டாம். நூறு ஆண்டுகளுக்கு முன் மாணவிகளை வைத்துச் செய்ததை இப்போது ஆசிரியர்களை வைத்துச் செய்வதாகத்தான் அது முடியும்.

பாதிக்குப் பாதி என்பது பேச்சுக்கு நன்றாக இருக்கும். நடைமுறையில் அது முக்கால் முக்கால் ஆகி, ஒருவர் ஒன்றரை ஆள் வேலையைச் செய்வதில் போய் நிற்கும். பிரிட்டனில் 1980-களில் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் விரிவுரையாளர்-செவிலியர் என்ற பணியிடங்களை உருவாக்கினார்கள். வார்டின் தலைமையும் அங்கே நடக்கும் கற்பித்தலும் ஒருவர் கையில் இருந்தன. நல்ல யோசனை, நல்லவர்கள் வந்தார்கள். ஆனால் செவிலியப் படிப்பு மருத்துவமனைப் பள்ளிகளிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு முழுமையாக இடம்மாறிய 1990-களில் அவர்களுக்கு இரண்டு முதலாளிகள் ஆகிவிட்டார்கள். மருத்துவமனை, வார்டின் குறைகளைக் கேட்டது. பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக் கட்டுரை எங்கே என்று கேட்டது. இரு பக்கக் கூட்டங்களுக்கும் ஒரே நாளில் அழைப்பு வந்தது. பலர் களைத்துப்போய் ஏதாவது ஒரு பக்கம் ஒதுங்கினார்கள். உங்களுக்கு ஒரே வளாகம், ஒரே நிர்வாகம் என்பதால் இந்தத் தொல்லையில் பாதி குறைவு. மீதிப் பாதி, நீங்களும் முதல்வரும் எப்படிப் பேசிக்கொள்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆண்டு மதிப்பீட்டு அறிக்கையை இருவரும் சேர்ந்து ஒன்றாக எழுதுங்கள். இரண்டு அறிக்கை வேண்டாம்.

எல்லா ஆசிரியர்களையும் ஒரே நாளில் வார்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வார்டு, இரண்டு பேர், ஓர் ஆண்டு. விருப்பமுள்ளவர்களைத் தேர்ந்தெடுங்கள்; சில ஆண்டுகளாக வார்டுப் பக்கமே போகாதவர்களுக்கு முதலில் ஒரு மாதமாவது ஸ்டாஃப் நர்ஸுடன் கூட இருந்து பழக வாய்ப்புக் கொடுங்கள். டிரிப் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் புதிய இன்ஃப்யூஷன் பம்பில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாத பேராசிரியர், ஸ்டாஃப் நர்ஸ்கள் முன்னால் படும் கூச்சம் சாதாரணமானதல்ல. அந்தக் கூச்சத்துக்குப் பயந்துதான் பலர் இந்த முறையையே எதிர்க்கிறார்கள் என்பது என் அனுபவம். அதே போல, வகுப்பறையில் அற்புதமாகப் பாடம் நடத்தி, வார்டு நிர்வாகத்தில் சோபிக்காதவர்களும் உண்டு. உடற்கூறியலையும் புள்ளியியலையும் நடத்த அவர்கள் வேண்டும். அவர்களை இழுக்க வேண்டாம்.

இரட்டைப் பொறுப்பில் இருப்பவர் வார்டில் எந்த நாட்களில் இருப்பார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சம் என்பதைவிட, வாரத்தில் மூன்று முழு நாட்கள் வார்டு, மற்ற நாட்கள் கல்லூரி என்பது எனக்கு ஒத்துவந்தது. அவருக்குக் கீழே முழுநேர இன்சார்ஜ் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வு மாதத்தில் வார்டுப் பொறுப்பை அந்த இன்சார்ஜிடம் எழுத்து மூலமாகவே ஒப்படைத்துவிட வேண்டும். 2021-இல் வெளியான புதிய பாடத்திட்டத்தின்படி பி.எஸ்சி. நர்சிங் எட்டு செமஸ்டர்களாகிவிட்டதால், தேர்வு மாதம் ஆண்டுக்கு ஒரு முறை என்பது போய் இரு முறை வருகிறது. பழைய கணக்கில் அட்டவணை போட்டால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல்வரிடம் சொல்வதற்கு இன்னொன்று. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பு போன்றவற்றை நடத்தும் எண்ணம் உங்கள் கல்லூரிக்கு இருந்தால், அந்த இரண்டாண்டுப் படிப்பில் 20 சதவீதம்தான் வகுப்பு. 80 சதவீதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நடக்கும் பயிற்சி. அதை விருந்தாளி ஆசிரியரை வைத்துக்கொண்டு நடத்தவே முடியாது. அந்தப் பிரிவில் அன்றாடம் நிற்கும், அங்கே சொல்லுக்கு மரியாதை உள்ள ஆசிரியர் வேண்டும். அப்படி ஒருவரை இப்போதே உருவாக்கத் தொடங்குவது கல்லூரிக்குத்தான் லாபம் என்று எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

உதவிப் பேராசிரியர், தஞ்சாவூர்

கேள்வி: இரட்டைப் பொறுப்பில் இருக்கிறேன். பகலில் வார்டைப் பார்க்கிறேன். நைட் டூட்டியும் பார்க்க வேண்டும் என்று ஸ்டாஃப் நர்ஸ்கள் குத்தலாகப் பேசுகிறார்கள். கற்பிப்பவருக்கு அது அவசியமா?

பதில்: மாதம் முழுவதும் அவசியமில்லை, மறுநாள் வகுப்பு எடுக்க வேண்டியவர் இரவெல்லாம் விழித்திருப்பது யாருக்கும் நல்லதல்ல. ஆனால் செமஸ்டருக்கு இரண்டு மூன்று இரவுகளாவது இருங்கள், குத்தலுக்காக அல்ல. டிரிப் வேகத்தை நான் இருபது ஆண்டுகள் சூத்திரம் எழுதித்தான் நடத்திக்கொண்டிருந்தேன். 500 மில்லி, எட்டு மணி நேரம், மில்லிக்கு 20 துளி விழும் செட் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 21 துளி. கணக்கு சரிதான். ஓர் இரவு டூட்டியில், பம்ப் இல்லாத வார்டில், அதிகாலை இரண்டு மணிக்கு, டார்ச் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு துளிகளை எண்ணிப் பார்த்தேன். நோயாளி கையை மடக்கினால் துளி நிற்கிறது, நீட்டினால் ஓடுகிறது. பத்து டிரிப்களை இப்படி எண்ணி முடிப்பதற்குள் முதலாவது மாறிவிட்டிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ் ஒரு வார்த்தையும் பேசாமல், பாட்டிலின் மேல் நீளவாக்கில் ஒரு பிளாஸ்டரை ஒட்டி, பேனாவால் கோடு போட்டு 12, 1, 2, 3 என்று மணியை எழுதினார். தண்ணீர் மட்டம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று வாசலிலிருந்தே பார்த்துவிடலாம். மறுநாள் மதிய வகுப்புக்கு ஒரு காலி பாட்டிலையும் ஒரு பிளாஸ்டர் சுருளையும் எடுத்துக்கொண்டு போனேன்.